எழுத்து இருக்கிற பாறையை மட்டும் விட்டுவைத்தால் போதுமா?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு கீழவளவு பஞ்சபாண்டவர் மலைக்குப் போயிருந்தேன். மதுரைப் பக்கம், மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகிற ரோட்டில் இருக்கிறது. சின்ன வயதில் அப்பத்தாவோடு ஏறிய பாறை. "பாண்டவுக படுத்த எடம்டா, செருப்பக் கழட்டிட்டு ஏறு" என்பாள். அது சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கை என்பதும் அவளுக்குத் தெரியாது, தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தும் தெரியாது. ஆனால் அந்தக் கற்படுக்கையில் வெற்றிலைக் காம்பைக்கூடக் கிள்ளிப் போட மாட்டாள்.

குகை நெற்றியில் இருக்கிறது அந்தத் தமிழிக் கல்வெட்டு, ஒற்றை வரி. தொண்டியைச் சேர்ந்த ஒருவர் கொடுத்த பள்ளி, அதாவது துறவிகள் தங்குமிடம், என்று சொல்கிற வரி. எழுத்துகள் தலைகீழாக, இடம் வலம் மாறி வெட்டப்பட்டிருக்கும். வெயில் சாய்வாக விழுந்தால்தான் எடுப்பாகத் தெரியும். பையன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மாமா, அங்க ஒரு கூட்டல் குறி இருக்கு" என்றான். அதுதான்டா 'க' என்றேன். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய 'க'. அவன் அதைக் காற்றில் விரலால் எழுதிப் பார்த்தான்.

மேலே ஏறினால் வயிறு எரிகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கிரானைட் வெட்டி எடுத்த பள்ளம். படிப்படியாக அறுத்த சுவர், அதில் வரிசையாகத் துளை போட்ட தடம், அடியில் பச்சையாகத் தேங்கிய தண்ணீர். "எழுத்து இருக்கிற பாறையைத் தொடலையே" என்று சொல்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். தொடவில்லைதான். சுற்றியிருந்ததை எல்லாம் அறுத்துவிட்டு நடுவில் ஒரு பாறையை விட்டுவைப்பதற்குப் பேர் பாதுகாப்பா? மழைத் தண்ணீர் ஓடிவந்த சரிவு, சுனை, கண்மாய், அந்தத் தொண்டிக்காரர் நடந்து வந்த பாதை, எல்லாம் சேர்ந்ததுதானே அந்த இடம்.

ஆப்கானிஸ்தானில் பாமியான் புத்தர்களை 2001 மார்ச்சில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பெரிய சிலை 55 மீட்டர். சிலைகளே போன பிறகு, 2003-இல், யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தாக்கையே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வெறும் மாடங்களோடு நிற்கிற மலை முகப்பும் அதில் சேர்த்தி. எகிப்தில் அஸ்வான் அணைத் தண்ணீரில் மூழ்க இருந்த அபு சிம்பெல் கோயிலை 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து, சுமார் 65 மீட்டர் மேலே கொண்டுபோய்க் கட்டினார்கள். வருடத்தில் இரண்டு முறை கருவறைக்குள் சூரியன் விழ வேண்டும் என்று திசையைக்கூட விடவில்லை. அங்கே காப்பாற்றுவதற்காகக் கல்லை அறுத்தார்கள். இங்கே மேசைப் பலகைக்கும் தரைக்கும் அறுத்தோம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாமல் இல்லை. 2010-இல் மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிற யானைமலையைச் சிற்ப நகரமாக்கப் போகிறோம் என்று பேச்சு வந்தபோது தடுத்தது ஒத்தக்கடை, நரசிங்கம் பக்கத்து மக்கள்தான். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியை 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே வருடத்தில் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. 2025 ஜனவரியில் மேலூர் பக்கத்துச் சனம் மதுரை தல்லாகுளத்துக்கே திரண்டு வந்தது. அதே மாதம் ஏலம் ரத்து. அதில் எத்தனை பேருக்குக் கல்வெட்டு வாசிக்கத் தெரியும்? மலையைச் சாமியாகவும் கண்மாய்க்குத் தாயாகவும் பார்க்கத் தெரியும், அது போதுமானதாக இருந்தது.

நம் தப்பும் உண்டு. கற்படுக்கையில் பேரைக் கீறி, பக்கத்தில் இதயம் வரைந்து அம்பு விடுகிறார்கள். படிக்க வசதியாக இருக்கும் என்று எழுத்துக்குப் பெயின்ட் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். முறை தெரிந்தவர்கள் எழுத்தின் மேல் தாளை ஒற்றி, மை தட்டி மைப்படி எடுப்பார்கள், நமக்கு ஒரு போட்டோ போதும்.

நான் கேட்பது இரண்டுதான். கீழவளவு, மாங்குளம், கருங்காலக்குடி, திருவாதவூர் என்று எழுத்துள்ள ஒவ்வொரு இடத்திலும் முழு மலையையும் அதன் நீர்வழியையும் சேர்த்துச் சின்னமாக அறிவிக்க வேண்டும். மேலூர் வட்டாரப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வருடம் ஒரு தடவையாவது இங்கே கூட்டி வர வேண்டும். அடுத்த மாதம் மாங்குளத்துக்குப் போகலாம் என்று பையன் நோட்டில் பதினெட்டு மெய்க்கும் கட்டம் போட்டு வைத்திருக்கிறான். 'க' மட்டும் எழுதியாயிற்று.