ஜேன் ஃபோண்டா பற்றிய அந்தத் துண்டுச் சீட்டுக் கதை பொய்
வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1972ல், எதிரி நாடான வட வியட்நாமின் தலைநகர் ஹனோய்க்குப் போன அமெரிக்க நடிகை ஜேன் ஃபோண்டாவிடம் அமெரிக்கப் போர்க்கைதிகள் ரகசியமாகத் துண்டுச் சீட்டு கொடுத்தார்கள், அவர் அதை அப்படியே காவலர்களிடம் நீட்டினார், மூன்று பேர் அடிபட்டே செத்தார்கள் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இது நடக்கவே இல்லை. 1999 வாக்கில் மின்னஞ்சலில் கிளம்பிய புரளி இது. அதில் உயிர்தப்பியவராகப் பெயர் போட்டிருந்த கைதியே, தான் ஃபோண்டாவைச் சந்தித்ததே கிடையாது என்று மறுத்துவிட்டார். உண்மையில் கைதிகள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் ஃபோண்டா.

சரி, அவர் பக்கம் தவறே இல்லையா? இருக்கிறது. தலையில் இரும்புத்தொப்பியோடு அமெரிக்க விமானங்களைச் சுட வட வியட்நாம் வைத்திருந்த பீரங்கியின் இருக்கையில் சிரித்தபடி உட்கார்ந்திருக்கும் அந்தப் புகைப்படம் நிஜம். திரும்பிவந்த கைதிகள் சித்திரவதையைப் பற்றிச் சொன்னபோது 1973ல் அவர்களைப் பொய்யர்கள் என்றதும் நிஜம், அது எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்தப் புகைப்படத்துக்காக 1988ல் தொலைக்காட்சியில் வீரர்களிடமும் குடும்பங்களிடமும் மன்னிப்புக் கேட்டார், அதற்குப் பிறகும் பலமுறை.

இரண்டு ஆஸ்கர் வாங்கியவர், 2005ல் பெண்ணியவாதிகளான குளோரியா ஸ்டைனம், ராபின் மார்கனோடு சேர்ந்து பெண்கள் ஊடக மையத்தைத் தொடங்கியவர். அவரைத் திட்டுவதானால் அந்தப் புகைப்படத்தை வைத்துத் திட்டுங்கள், செய்யாத கொலையை அவர் தலையில் கட்டாதீர்கள். தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்துங்கள்.