ஈரத்துண்டு எல்லா ஊரிலும் ஏசி ஆகாது

கார் ஏசி 1990-களில்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்றும், அதுவரை சன்னலில் ஈரத்துண்டைக் கட்டினாலே எந்த ஊரிலும் ஏசிக்கு நிகரான குளிர்ச்சி கிடைத்தது என்றும் அண்ணாச்சி ஒருவர் எழுதியிருக்கிறார்கள். இரண்டுமே சரியல்ல. அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் தன் 1940 மாடல் கார்களிலேயே ஏசியைக் கூடுதல் விலைக்குக் கொடுத்தது. அதை நிறுத்த எஞ்சினை அணைத்து, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும் என்பது வேறு கதை. நம் பக்கம் அது பரவத்தான் நாளாயிற்று.

ஈரத்துண்டு குளிர்வது தண்ணீர் ஆவியாவதால். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும், அது துண்டைத் தொட்டு வரும் காற்றிலிருந்தும் எடுக்கப்படுகிறது. ஆகவே கயத்தாறு, கோவில்பட்டிக் கரிசலின் வறண்ட சித்திரைக் காற்றில் துண்டு அரை மணிக்குள் மொடமொடவென்று காய்ந்தாலும், காய்கிற வரை காருக்குள் இதமாக இருந்தது. அதே துண்டோடு திருச்செந்தூருக்குப் போனால், குரும்பூர் தாண்டி ஈரப்பதம் மிகுந்த கடற்காற்று ஏறியதும் அது காயவே காயாது. ரெக்சின் சீட்டில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, துண்டு காற்றை மறித்ததுதான் மிச்சம். அந்தச் சாலையில் எங்களுக்குக் கைகொடுத்தது அம்பாசடரின் முன்கதவில் இருந்த சின்ன முக்கோணக் கண்ணாடிதான்: அதை முழுக்கத் திருப்பினால் ஓடும் வண்டியின் காற்று நேரே மார்பில் அடிக்கும். வண்டி ரயில்வே கேட்டில் நின்றால் அதுவும் இல்லை.