பூட்டி வைக்க மாட்டேன்

ஞாயிற்றுக்கிழமை அன்னதானப் பந்தியில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் வைபர் குழுவில் படித்திருப்பீர்கள். குழுவில் பதில் போட்டால் சண்டையாகிவிடும் என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு மறதி நோய். அவர் எதையும் வேண்டுமென்று செய்யவில்லை. பந்தியில் உட்கார்ந்தபடியே ஒன்றுக்குப் போய்க் கைலி நனைந்ததும் அப்படித்தான், பரிமாறிய தம்பியை டம்ளரால் அடித்ததும் அப்படித்தான். அந்தத் தம்பி நல்ல பிள்ளை. நனைந்ததைப் பார்த்துவிட்டு, உதவி செய்ய நினைத்துத்தான் பின்னால் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். பின்னாலிருந்து ஒரு கை வந்தால் இவருக்கு அது திருடன் கை என்பது பாவம் அவனுக்கு எப்படித் தெரியும்? அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, டீ கொடுத்து அனுப்பினார்கள். அடிபட்ட வீடு பேசாமல் இருக்கிறது. நாலு இலை தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் "வீட்டில் பூட்டி வைக்க வேண்டியதுதானே" என்று எழுதுகிறார்கள்.

இது மூளையில் வரும் நோய். அல்சைமர் என்ற ஜெர்மன் டாக்டர் 1906-லேயே இதை எடுத்துச் சொன்னார். உலகம் முழுக்க 5 கோடிப் பேருக்கு மேல் மறதி நோய் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒன்றுக்கு வருகிறது, எழுந்திருக்க வேண்டும், கக்கூஸ் இந்தப் பக்கம், கைலியை இப்படி அவிழ்க்க வேண்டும் என்று வரிசையாகக் கோர்த்துப் பார்க்க அவர் மூளையால் இப்போது முடியவில்லை. அதைப் போய் "கிழவனுக்குத் திமிர்" என்று எழுத எப்படி மனசு வந்தது?

பர்மாவில் 1988-க்குப் பிறகு பருப்பு வியாபாரம் தனியாருக்குத் திறந்துவிட்டதும் கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். உளுந்தை ஒரு கடி கடித்தே ஈரப்பதம் சொல்வார். பர்மியத் தரகர்களோடு நாளெல்லாம் பர்மிய மொழியிலேயே பேசியவருக்கு இன்றைக்கு அந்த மொழி போய்விட்டது. சின்ன வயதில் பேசிய தமிழ் மட்டும்தான் மிச்சம். பகலில் உதவிக்கு வரும் பர்மியப் பெண் கைலியை மாற்றப் போனாலே அடிப்பார். ஏன் என்று எனக்குப் புரியவே பல மாதம் ஆயிற்று. யாரோ தெரியாத பெண் புரியாத மொழியில் பேசிக்கொண்டே தன் துணியை உருவுகிறாள் என்றால் யார்தான் அடிக்க மாட்டார்கள்? அப்புறம் அவளுக்கு மூன்று வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன். "தாத்தா, வாங்க." "கொஞ்சம் எந்திரிங்க." "முடிஞ்சிருச்சு." எதிரில் நின்று, முகத்தைப் பார்த்து, இதைச் சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். அடி பெரும்பாலும் நின்றுவிட்டது.

குழுவில் ஒருவர், தண்ணீர் கொடுப்பதைக் குறைக்கச் சொல்கிறார். அதையும் செய்து பார்த்தவள் நான். மூன்றாம் நாள் சிறுநீர் மஞ்சளாக, காரமாக வாடை அடித்தது. ராத்திரி சுவரைப் பார்த்து யாரையோ திட்டினார், என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். நோய் முற்றிவிட்டது என்று அழுதேன். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, சிறுநீரில் கிருமித் தொற்று என்றார். மருந்து கொடுத்து ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிட்டார். வலியைச் சொல்ல வாய் வராதவர் கையால்தான் சொல்வார். திடீரென்று ஆவேசம் வந்தால் தொற்றா, மலச்சிக்கலா, பல்வலியா என்று முதலில் பாருங்கள். இப்போது பகலில் தண்ணீர் தாராளமாகக் கொடுக்கிறேன், படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் குறைக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நானே கக்கூஸுக்குக் கூட்டிப்போகிறேன். கரண்ட் இல்லாத இரவுகளில் கக்கூஸ் வாசலில் சார்ஜ் லைட் எரிகிறது.

மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்கலாமே என்கிறார் இன்னொருவர். மனநோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இப்படிப்பட்டவர்களுக்குப் பக்கவாத ஆபத்தையும் உயிர் போகும் ஆபத்தையும் கூட்டும். அது டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது, பந்தி அமைதியாக நடப்பதற்காகக் கொடுப்பதில்லை. குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்பது மட்டும் நியாயமான பேச்சு, ஒப்புக்கொள்கிறேன். முன்வினை என்று எழுதியவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஒன்று கேட்கிறேன். இருபத்தேழு பேர் கருத்து எழுதினீர்களே, அந்த நனைந்த கைலியை யார் துவைத்தது என்று ஒருவராவது கேட்டீர்களா? மழைக்காலத்தில் விரிப்பு காயாது. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, பிடித்து வைத்த தண்ணீரில் துவைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கழுவி, தேய்க்காமல் ஒற்றி ஈரம் எடுத்து, வாசலின் தடவ வேண்டும், இல்லையென்றால் தொடை இடுக்கு புண்ணாகிவிடும். பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், மாதம் பணம் வருகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு அவரைப் புரட்டிப் படுக்க வைக்க இன்னும் இரண்டு கை வேண்டும்.

போன மாதம் ஒரு நாள் நான் அவரைத் திருப்பி அடித்துவிட்டேன். மூன்றாவது விரிப்பை மாற்றி முடித்த உடனே மறுபடியும் நனைத்தார், கை ஓங்கினார், நான் கன்னத்தில் வைத்துவிட்டேன். அவர் அழவில்லை. "யாரம்மா நீ, என் வீட்டுக்காரி வந்தா சொல்லிருவேன்" என்றார். இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றிலிருந்து எனக்குக் கோபம் ஏறினால் அவர் கைக்கு எட்டாத தூரம் தள்ளி நின்று ஐந்து நிமிஷம் கழித்துப் போகிறேன். சாயங்காலம் அவருக்குப் பதற்றம் தொடங்கும்போது முறத்தில் உளுந்தைக் கொட்டி மடியில் வைக்கிறேன். கல் பொறுக்குவார். ஒன்றைக் கடித்துப் பார்த்து "ஈரம்" என்பார்.

வருகிற ஞாயிறும் கூட்டிக்கொண்டுதான் வருவேன். கிளம்பும் முன் கக்கூஸ் கூட்டிப்போய், மாற்றுக் கைலியும் துண்டும் பையில் வைத்துக்கொண்டு வருவேன். வாசல் பக்கம் கடைசி இலையில் உட்காருவோம். பரிமாறுகிற பிள்ளைகள் முன்னால் வந்து, முகத்தைப் பார்த்து, "தாத்தா, சாம்பார்" என்று சொல்லிவிட்டு ஊற்றுங்கள்.