பம்பை மேல் போட்ட துண்டு

போன ஞாயிறு சாயங்காலம் ஏற்காட்டில் ஒரு பள்ளி அரங்கில் ஆர்கெஸ்ட்ரா கச்சேரி. ஆர்கெஸ்ட்ரா என்றதும் நம்ம சேலத்துக்காரர்களுக்கு மாரியம்மன் பண்டிகைக்கு மேடை போட்டு சினிமாப் பாட்டு பாடுவதுதான் ஞாபகம் வரும், என் மச்சானும் அதை நம்பித்தான் வண்டியில் பின்னால் ஏறினான், இருபது கொண்டை ஊசி வளைவையும் குளிரில் நடுங்கிக்கொண்டே தாண்டினான். உள்ளே போனால் வயலின், செல்லோ, ஓபோ, டிரம்பெட் என்று மேல்நாட்டு வாத்தியங்களோடு பெங்களூரிலிருந்து வந்த முப்பது பேர். மூன்று இளைஞர்கள் புதிதாக எழுதிய மூன்று உருப்படிகள். நோட்டீசில் பெரிய எழுத்தில் "நாம் யார்?"

பத்து நிமிஷம் கழித்து மச்சான் காதில் கேட்டான், "மாமா, பாட்டு எப்ப வரும்?"

முதல் உருப்படி எனக்குப் பிடிக்கவில்லை, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் தெரிந்த ஒரு தேசபக்தி மெட்டு டிரம்பெட்டில், பின்னால் தபலா, கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே முழக்கம். கைத்தட்டல் அடங்கவே இல்லை. ஆகஸ்ட் 15 காலையில் டிவியில் சிமெண்ட் கம்பெனி விளம்பரத்துக்கு வருகிற இசை மாதிரிதான் இருந்தது, என்ன, கொஞ்சம் நீளம்.

இரண்டாவதுக்கு, கோயிலில் அடிக்கிற இரட்டை மேளம் பம்பை இருக்கிறதே, அதை அடிக்கிற நம்ம பக்கத்துப் பம்பைக்காரர் ஒருவரை மேடையேற்றியிருந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் பம்பை வாசிக்கிற மாதிரியே கேட்கவில்லை, ஈரச் சுவரைத் தட்டுகிற மாதிரி தொப் தொப் என்று வந்தது. எட்டிப் பார்த்தால் இரண்டு பம்பை மேலும் ஒரு நீலத் துண்டை மடித்துப் போட்டிருந்தார்கள். இடைவேளையில் போய்க் கேட்டேன், "என்னங்கண்ணா துண்டு?" சிரித்தார். "சத்தம் ஜாஸ்தியாமாங்க, வயலின் கேக்கலியாம். ஒத்திகையிலேயே போட்டுட்டாங்க. கோயில்ல இப்படி அடிச்சா சாமி வருமாங்க?"

நான் சொல்ல வந்ததே இதுதான். தேசம், அடையாளம், வேர் என்று பேசி அவரைக் கூப்பிடுகிறோம், நோட்டீசில் அவர் படத்தையும் போடுகிறோம், வந்தபிறகு துண்டைப் போட்டு அமுக்கிவிடுகிறோம். பம்பை வேண்டுமென்றால் பம்பைக்கு எழுதுங்களேன், வயலின் நாலு நிமிஷம் சும்மா இருந்தால் என்ன குறைந்துவிடும்? முடியாதென்றால் கூப்பிடாதீர்கள். அதிலும் தப்பில்லை. பின்லாந்துக்காரர் சிபெலியுஸ் 1899-இல், நாடு ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தபோது, பின்லாந்தியா என்ற ஆர்கெஸ்ட்ரா இசையை எழுதினார். தணிக்கைக்குப் பயந்து வேறு வேறு பெயரில் அதை வாசித்திருக்கிறார்கள், அவ்வளவு தூரம் அது நாட்டின் குரலாகிவிட்டது. அதில் ஒரு நாட்டுப்புற மெட்டுகூடக் கிடையாது, மொத்தமும் அவர் சொந்தமாக எழுதியது. செக் நாட்டுக்காரர்கள் நெஞ்சில் கைவைத்துக் கேட்கிற ஸ்மெத்தானாவின் வல்தாவா நதி மெட்டோ, தேடிப்போனால் பழைய இத்தாலியப் பாட்டில் போய் நிற்கும்.

மச்சான் இதற்குள், "எப்படியும் இது நம்ம இசை இல்ல மாமா, வெள்ளைக்காரன் வாத்தியம்" என்று ஆரம்பித்தான். சரிடா, வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி ஒன்று காட்டு என்றேன். அதை ஆங்கிலேயரிடம் கற்று நம் பக்கம் கொண்டுவந்தவர் பாலுசாமி தீட்சிதர், முத்துசாமி தீட்சிதரின் தம்பி. அண்ணன் இன்னும் ஒரு படி மேலே. ஆங்கிலேய பேண்டு வாசித்த மெட்டுகளுக்கெல்லாம் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதிவிட்டார், நோட்டுஸ்வரம் என்கிறோமே அது. அதில் சந்ததம் பாஹிமாம் என்பது சாட்சாத் பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்துகிற பாட்டின் மெட்டு. அவன் ராஜாவுக்குப் பாடியதை எடுத்து நம்ம ஆள் அம்பாளுக்குப் பாடிவிட்டார், யார் உணர்ச்சியும் புண்படவில்லை. (லீக்டன்ஸ்டைன் என்று ஒரு குட்டி நாடு, இன்றைக்கும் அதே மெட்டில்தான் தேசிய கீதம் பாடுகிறது.)

அப்புறம் மூன்றாவது உருப்படி. எழுதியது ஒரு பொண்ணு, இருபத்தைந்து வயசுகூட இருக்காது. ரொம்ப நேரம் சலசலப்புதான், அரங்கின் பின்பக்கம் இருமல், கதவு வழியே பனி. திடீரென்று செல்லோவில் தனியாக ச... ரி... க... அப்புறம் அந்த க-விலேயே, க, க, க. நம்ம தேசிய கீதம், "ஜன கண மன". முன்வரிசையில் ஒரு பெரியவர் சட்டென்று எழுந்து விறைப்பாக நின்றார். அவரைப் பார்த்து இன்னும் இருபது பேர். நானும் பாதி எழுந்தேன். அதற்குள் அந்த க, அதாவது காந்தாரம், ஒரு படி இறங்கிவிட்டது, அழுகிற மாதிரி, "அதிநாயக" வரவே இல்லை, மெட்டு எங்கோ போய்விட்டது. நின்றவர்களுக்கு உட்காருவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பக்கத்து சீட்டைப் பார்க்கிறார்கள், மொபைலை எடுக்கிறார்கள், வைக்கிறார்கள். 2016-இல் தியேட்டரில் கீதம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, 2018-இல் கட்டாயமில்லை என்று மாற்றியதே, அந்த ஒரு வருஷத்துச் சொச்சம் நம் எல்லோர் முழங்காலிலும் இன்னும் இருக்கிறது போல. பெரியவர் மட்டும் கடைசிவரை நின்றார். 52 வினாடியில் முடியவேண்டியது ஒன்பது நிமிஷம் ஓடியது. நோட்டீசில் போட்டிருந்த "நாம் யார்?" என்ற கேள்வி அன்றைக்குக் கேட்கப்பட்டது அந்த ஒன்பது நிமிஷத்தில் மட்டும்தான். கைத்தட்டல் சுமார், ஒருத்தர் "இது அவமரியாதை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டே வெளியே போனார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், கோபப்படாதீர்கள். 2025 மார்ச் 8-இல் லண்டனில் இளையராஜாவின் வேலியன்ட் சிம்பொனி அரங்கேறியபோது நம்ம வாட்ஸாப் குரூப்பெல்லாம் "தமிழன்டா" என்று பொங்கியது, நானும் இரண்டு ஸ்டேட்டஸ் வைத்தேன். புதுசாக ஒரு இசையை உட்கார்ந்து முழுசாகக் கேட்க நமக்குப் பொறுமை இருக்கிறதா? முதல் உருப்படிக்கு மட்டும் கூரை அதிரக் கைத்தட்டியதைப் பார்த்தபிறகு எனக்குச் சந்தேகம்தான்.

இறங்கும்போது மச்சான் பேசவே இல்லை. பத்தாவது வளைவுக்கு அப்புறம், "மாமா, அந்த மூணாவது, நின்னிருக்கணுமா உக்காந்திருக்கணுமா?" என்றான். தெரியலடா என்றேன்.

அடிவாரத்தில் டீக்கடையில் பம்பைக்காரர் நின்றிருந்தார். பம்பை பெஞ்ச் மேல், அந்த நீலத் துண்டு தோளில். முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "ஆடியில கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வாங்க தம்பி, துண்டு இல்லாம கேக்கலாம்."