போனை வாங்கினால் சீட்டு எழுதிக் கொடுங்கள்

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். எங்கள் செக்போஸ்ட்டில் போலீஸ்காரர்கள் ஒரு பையனை பஸ்ஸில் இருந்து இறக்கி, போனைத் திறக்கச் சொல்லி, அவன் அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் வரைக்கும் நடுரோட்டில் போட்டுக் கேட்டார்கள். அப்புறம் போனையே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாங்கியது யார், எதற்காக, எப்போது திரும்பக் கிடைக்கும்? ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

நான் கேட்பது அந்தச் சீட்டைத்தான். சோதனையே கூடாது என்று சொல்லவில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டு வெடித்து 58 பேர் செத்தார்கள். கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் பாதி வீடுகளுக்குப் பிழைப்பே கோவையில்தான். பாதுகாப்பின் அருமையை எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

குண்டு வெடித்த அந்த வாரம்தான் என் மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கோவை உக்கடத்தில் காய்கறி வியாபாரம். தாடி வைத்திருந்தார், கேரள முகவரி. அத்தை ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லம்மா" என்றார்கள். மாமாவின் செருப்பு வாசல்படி ஓரமாகக் கிடக்கிறது, அத்தை அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். மறுநாள் சாயங்காலம் விட்டுவிட்டார்கள். பதிவேட்டில் பெயரே ஏறவில்லை. ஏறாத பெயருக்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது? மாமா அதற்கப்புறம் உக்கடம் பக்கமே போகவில்லை, கடையும் கைவிட்டுப் போனது.

"கோர்ட் இருக்கிறதே" என்பீர்கள். அதே குண்டுவெடிப்பு வழக்கில் கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதானி ஒன்பது வருடத்துக்கு மேல் உள்ளே இருந்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று 2007இல் விடுதலையானார். அவர் மேல் பெங்களூரு வழக்கும் இருக்கிறதே என்று கேட்கப் போகிறீர்கள். இருக்கட்டும், அதை அந்தக் கோர்ட் பார்க்கட்டும். இந்த ஒன்பது வருடத்துக்கு யார் பொறுப்பு? பயங்கரவாத வழக்குகளில் போடும் யுஏபிஏ சட்டத்தில் 2008இல் சேர்த்த 43டி(5) பிரிவைப் படித்துப் பாருங்கள். போலீஸ் தரும் காகிதங்களை வைத்துப் பார்க்கும்போது குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மை என்று தோன்றினாலே ஜாமீன் கிடையாது. அப்படிப்பட்ட சட்டம் கையில் இருப்பவர்கள் முதல் நாளே, முதல் சோதனையிலேயே எழுதிக் கொடுக்க வேண்டாமா?

"நம்ம ஆட்சியில் நல்லவங்க மேல கை வைக்க மாட்டாங்க" என்று அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். 2002இல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்த கூட்டணியில்தான் வைகோவும் இருந்தார். அதே வருடம் அதே சட்டத்தில் கைதாகி 19 மாதம் வேலூர் சிறையில் இருந்தார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். எங்கள் செக்போஸ்ட்டுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு மூட்டை அரிசி பிடிபட்டால்கூட ரசீது உண்டு. ஒருவனுடைய குடும்பம், காதல், கடன் எல்லாம் கிடக்கிற போனுக்குக் கிடையாதா?

என்னை அதிகம் புண்படுத்தியது போலீஸ் இல்லை. மாமா கதையைப் போன வருடம் எழுதியபோது, "நாட்டுக்காக ஒரு ராத்திரி உட்கார்ந்தா என்ன" என்று கேட்ட அண்ணன்தான், இந்த வீடியோவுக்குக் கீழேயும் "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்" என்று எழுதியிருக்கிறார். அண்ணா, என் அத்தை கையால் நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள். அவர் இன்னும் இருக்கிறார். வீட்டுக்கு வந்து அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லுங்கள்.