கத்தோலிக்கர் சொர்க்கத்தைச் சம்பாதிக்கிறார்களா?

"நல்லது செய்து சொர்க்கத்தைச் சம்பாதிக்கலாம் என்பதே கத்தோலிக்கப் போதனை" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இல்லைங்க. 1547-இல் திரெந்து பொதுச்சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பேரவை) வெளியிட்ட விதிகளில் முதலாவதே, கிறிஸ்துவின் வழியாக வரும் அருள் இல்லாமல் சொந்தச் செயல்களால் நீதிமானாகலாம், அதாவது கடவுளுக்கு ஏற்றவராகலாம், என்பவரைச் சபைக்குப் புறம்பாக்குகிறது. இத்தனைக்கும் அந்தச் சங்கம் கூடியதே பெரும்பாலும், செயல்களால் அல்ல, விசுவாசத்தால்தான் மீட்பு என்று சொன்ன புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தருக்குப் பதில் சொல்லத்தான்!

மத்தேயு 25-இல் பசித்தவருக்கு உணவு கொடுத்ததை வைத்துத்தானே தீர்ப்பு என்று கேட்கலாம். சரி, அந்தச் செயலும் அருளின் கனிதான் என்பது கத்தோலிக்கர் பதில். லூத்தரைப் பின்பற்றும் லூத்தரன்களோடு வேறுபாடுகள் இன்னும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் இரு தரப்பும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, கடவுள் நம்மை ஏற்பது நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே என்கிறது. 2006-இல் மெதடிஸ்டுகள் என்ற மற்றொரு புராட்டஸ்டன்ட் பிரிவினரும் அதில் சேர்ந்தார்கள்.