கொல்லைக் கதவு திறந்து கிடக்கிறது

எங்கள் ஊரிலிருந்து இரண்டு வாய்க்கால் தாண்டினால் ஒரு எண்ணெய்க் கிணறு இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே இருக்கிறது. சுற்றிலும் கம்பி வேலி, நடுவில் குழாயும் வால்வும், வேலி ஓரம் வரைக்கும் சம்பாப் பயிர். போன வாரம் அந்தப் பக்கம் உரம் போடப் போனபோது, அப்பா பம்புசெட் தொட்டியில் ஒரு கை அள்ளி வாயில் வைத்தவர் உடனே துப்பிவிட்டார். "கரிக்குதுடா தம்பி. முன்ன இப்படி இல்ல" என்றார்.

கடல் உள்ளே ஏறியதாலா, நாமே போர் போட்டு உறிஞ்சியதாலா, அந்தக் கிணற்றாலா? எனக்குத் தெரியாது. யார் மேலும் பழி போட மாட்டேன். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துச் சோதித்து, இதுதான் காரணம் என்று எங்களிடம் சொல்ல ஒருத்தரும் வரவில்லை. என் ஆத்திரமெல்லாம் அதில்தான்.

"அதான் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு அறிவிச்சாச்சே, இன்னும் என்ன பயம்?" என்று சென்னை நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2020 பிப்ரவரியில் வந்த அந்தச் சட்டம் நல்ல சட்டம். எண்ணெய், இயற்கை எரிவாயு, மீத்தேன், பாறைக்குள் அடைந்து கிடக்கும் ஷேல் எரிவாயு என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. சும்மா கிடைத்ததில்லை அது. மன்னார்குடி வட்டார மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்த நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பரில் அந்தப் பயணத்திலேயே கண்ணை மூடினார். 2017இல் எண்ணெய், எரிவாயு எடுக்கும் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் மக்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். கைப்பிள்ளையோடு வந்த தாய்மார்கள் வெயிலில் கிடந்தார்கள். அதே வருஷம் ஜூன் 30ஆம் தேதி கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியது. நியாயம் கேட்டவர்களுக்குத் தடியடிதான் கிடைத்தது. ஜூனில் திறக்க வேண்டிய மேட்டூர் அணை அக்டோபரில்தான் திறந்த வருஷம் அது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ஆனால் அந்தச் சட்டம், அதற்கு முன்பே நடந்துகொண்டிருக்கும் பணிகளைத் தொடாது. அதற்கும் முன்னால், 2018 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒரு கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. ஏற்கனவே ஒப்பந்தம் வைத்திருப்பவர்கள் அதே பரப்பில் ஷேல் போன்றவற்றையும் தேடலாம், எடுக்கலாம் என்பது அதன் சாரம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கொல்லைக் கதவைச் சாத்தாமல் விட்டிருக்கிறோம். மாநிலச் சட்டம் அதையும் தடுக்கும் என்று வாதாடலாம்தான். அதை நீதிமன்றத்தில் போய் நிரூபிக்க வேண்டிய நிலைமையில் விவசாயியை ஏன் நிறுத்த வேண்டும்?

ஷேல் என்பது இறுகிய களிப்பாறை. எரிவாயு அதற்குள் சிறைப்பட்டுக் கிடக்கும், துளை போட்டதும் தானாக வராது. கீழே இறங்கி, பக்கவாட்டில் திரும்பி, தண்ணீரும் மணலும் ரசாயனமும் கலந்து பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையை உடைக்கிறார்கள். நீரியல் விரிசல் என்கிறார்கள். ஒரு கிணற்றுக்கே பெரும்பாலும் கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். திரும்பி மேலே வரும் தண்ணீர் உப்பும் உலோகமும் ரசாயனமும் கலந்தது. முறை வைத்து மடை திறக்கிற, கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்க்கிற ஊரில் அந்தக் கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்?

இங்கிலாந்தில் லங்காஷயரில், இப்படிப் பாறையை உடைக்க, உள்ளூர் மாவட்ட மன்றம் வேண்டாம் என்று சொன்ன பிறகும் மேலிருந்து அனுமதி கொடுத்தார்கள். 2019 ஆகஸ்டில் 2.9 அளவில் நிலம் அதிர்ந்தது. நவம்பரில் அரசே நிறுத்திவைத்தது. நம் ஊரில் அந்த மறுப்பைச் சொல்லும் இடத்தையே எடுத்துவிட்டார்கள். எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று ஆய்வுக் கிணறு தோண்ட மக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று 2020 ஜனவரியில் விதியை மாற்றினார்கள்.

நாட்டுக்கு எரிவாயு வேண்டாமா என்று கேட்பது நியாயம்தான். தேவையில் ஏறக்குறைய பாதியை வெளியிலிருந்து வாங்குகிறோம். ஆனால் கேஸைக் கப்பலில் கொண்டுவரலாம். நிலத்தடி நீர் ஒரு தடவை கெட்டால் எந்தக் கப்பலில் கொண்டுவருவது?

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு டெல்டாக்காரர்கள் தயவுசெய்து போங்கள். நம் ஊராட்சி எல்லையில் எத்தனை கிணறு, எந்த வருஷம் தோண்டியது, எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள். எதிலாவது பாறையை உடைக்கும் வேலை நடந்ததா என்றும் கேளுங்கள். "ஷேல் எடுத்தீர்களா" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். சாதாரணக் கிணற்றிலும் அதே முறையைப் பயன்படுத்த முடியும். பதில் எழுத்தில் வேண்டும் என்று தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

நான் அப்பா துப்பிய அந்தத் தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். ஒன்று சோதனைக்கூடத்துக்கு. இன்னொன்றைக் கிராம சபை மேசைமேல் வைக்கப்போகிறேன்.